தொட்டியில் தானாக முளைத்த வெள்ளைப் பூச்செடி கரிசலாங்கண்ணிதானா? அதை வளர்ப்பது எப்படி?

தொட்டியிலேயே நன்றாக வளரும். ஆனால் செடி தானாக முளைத்தது என்று நீங்கள் சொல்வதால், வளர்ப்பைவிட அடையாளத்தைப் பற்றியே அதிகம் எழுத வேண்டியிருக்கிறது. வீட்டில் ஒருவர் ஆம் என்றும் மற்றவர் இல்லை என்றும் சொல்லியிருப்பார்கள். கைப்பேசிச் செயலி மூன்றாவதாக ஒரு பெயரைக் காட்டியிருக்கும்.

குழப்பம் பெரும்பாலும் வெட்டுக்காயப் பூண்டோடுதான் வருகிறது. இரண்டும் சூரியகாந்திக் குடும்பத்தைச் சேர்ந்தவை. இரண்டிலும் இலைகள் எதிரெதிராக, சொரசொரப்பாக இருக்கும். வெட்டுக்காயப் பூண்டில், ஒரு சாண் வரை நீளும் இலையற்ற காம்பின் நுனியில் ஒற்றைப் பூ நிற்கும். அதன் நடுவில் மஞ்சளும், சுற்றிலும் பெரும்பாலும் ஐந்தே வெளிர் இதழ்களும், ஒவ்வொரு இதழின் நுனியிலும் மூன்று பற்களும் இருக்கும். கரிசலாங்கண்ணியின் பூவோ ஒரு சென்டிமீட்டர் அகலத்துக்குள் அடங்கிவிடும். இலைக் கக்கத்திலிருந்து ஒன்றோ இரண்டோ எழும். நடுப்பகுதியும் வெள்ளையாகவே இருக்க, விளிம்பில் நூலிழை போன்ற இதழ்கள் நெருக்கமாகச் சூழ்ந்திருக்கும். இதழ் என்று நாம் சொல்லும் ஒவ்வொன்றும் இந்தக் குடும்பத்தில் ஒரு தனிப் பூ என்பதை நினைவில் கொண்டு பார்த்தால் வேறுபாடு இன்னும் தெளிவாகும்.

பூவைவிட உறுதியான சான்று விதை. வெட்டுக்காயப் பூண்டின் விதையில் மென்மயிர்க் குச்சம் இருப்பதால் ஊதினால் பறந்துவிடும். கரிசலாங்கண்ணி விதையில் அந்தக் குச்சம் இல்லை. முற்றியதும் கருத்து, மேற்பரப்பு முண்டும் முடிச்சுமாக இருக்கும். தண்டைக் கசக்கினால் வடியும் சாறு சற்று நேரத்தில் விரலிலேயே கருக்கும் என்பதும் உண்மைதான். ஆயினும் வேறு செடிகளின் சாறும் காற்றுப் பட்டால் நிறம் மாறக்கூடும் என்பதால், அதை மட்டும் வைத்து முடிவு செய்யக் கூடாது. தாவரவியல் பட்டம் இல்லாதவர் சொல்வதை ஏன் ஏற்க வேண்டும் என்று சிலர் கேட்கலாம். என் சொல்லை ஏற்க வேண்டியதில்லை. பத்து மடங்கு பெருக்கிக் காட்டும் கைலென்ஸ் ஒன்றை வைத்து அவர்களே விதையைப் பார்த்துக்கொள்ளட்டும்.

இதில் நான் இவ்வளவு அழுத்தம் கொடுப்பதற்குக் காரணம் உண்டு. என் உறவினர் ஒருவர் மஞ்சள் கரிசலாங்கண்ணி என்று சொல்லி விற்கப்பட்ட செடியை ஒரு நர்சரியிலிருந்து வாங்கி வந்து, இலையை உண்ணலாமா என்று என்னிடம் கேட்டார். இலை தடித்துப் பளபளப்பாக, இருபுறமும் மடல் பிரிந்து இருந்தது. உண்மையான மஞ்சள் கரிசலாங்கண்ணியின் இலை குறுகலாக, சொரசொரப்பாக, மடலின்றி இருக்கும். அவர் வாங்கி வந்தது வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து அழகுக்காகக் கொண்டுவரப்பட்ட படர்செடி. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் தொகுத்த, மிக மோசமான 100 அயல் ஊடுருவி உயிரினங்களின் பட்டியலில் அதுவும் இடம்பெற்றிருக்கிறது. இலையை அந்த நர்சரிக்கே கொண்டுபோய்க் காட்டி விளக்கியபோது, "பூ மஞ்சள்தானே, இதுவும் அதுதான்" என்று சொல்லி என்னை அனுப்பிவிட்டார்கள். நர்சரி நடத்துவோர் எல்லோரையும் நான் குறை கூறவில்லை. அழகுச் செடியை அழகுச் செடி என்று சொல்லி விற்கட்டும். ஒருவர் உடலுக்குள் போகக்கூடிய ஒன்றுக்குப் பொய்ப்பெயர் சூட்டுவதை மட்டும் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

உங்கள் செடி கரிசலாங்கண்ணிதான் என்று உறுதியானால், மீதி எளிது. விதை முளைக்க வெளிச்சம் தேவை. பலர் மற்ற விதைகளைப் போல மண்ணுக்குள் புதைத்துவிட்டு, முளைக்கவில்லை என்று கைவிட்டுவிடுகிறார்கள். ஈர மண்ணின் மேல் தூவி, விரலால் லேசாக அழுத்தினாலே போதும். இது வரப்போரத்திலும் நீரோடைக் கரையிலும் வளரும் செடி என்பதால், மண் காயாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். தொட்டிக்குக் கீழே தட்டில் சிறிது நீர் நின்றாலும் கெடுதல் இல்லை. வெயில் நன்றாகப் பட வேண்டும். தரையைத் தொடும் கணுக்களில் வேர் விடும் என்பதால், அப்படி வேர்விட்ட துண்டை வெட்டி நட்டும் பெருக்கலாம். இது ஓராண்டுச் செடி. எனவே எல்லாப் பூக்களையும் கிள்ளிவிடாமல், சிலவற்றையாவது கருத்து முற்றும்வரை செடியிலேயே விட்டுவையுங்கள்.