பழைய ஆட்டோமேட்டிக் காரின் கியர்பாக்ஸ் எண்ணெயைக் குளிர்விக்கத் தனிக் கூலர் பொருத்த வேண்டுமா?

முதலில் டிப்ஸ்டிக்கை உருவி, கியர்பாக்ஸ் எண்ணெயை ஒரு வெள்ளைத் துணியில் ஒற்றிப் பாருங்கள். கறுத்து, தீய்ந்த வாடை அடித்தால் உள்ளே கிளட்ச் தகடுகள் ஏற்கெனவே தேய்ந்து கருகியிருக்கக்கூடும். அதைக் கூலர் குணப்படுத்தாது. அந்தப் பணத்தைப் பழுதுபார்ப்புக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

சிவப்பாகத் தெளிவாக இருந்தால், கார் என்ன வேலை செய்கிறது என்பதே கேள்வி. வெப்பத்தில் பெரும்பகுதி, இன்ஜினின் சுழற்சியை எண்ணெய் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் டார்க் கன்வர்ட்டரில் பிறக்கிறது. டிரெய்லர் இழுப்பது, மலையேறுவது, கோடை நெரிசலில் மணிக்கணக்காக ஊர்வது எல்லாம் அதை வாட்டும். எண்ணெய் 80 முதல் 95 டிகிரி செல்சியஸில் இருந்தால் நிம்மதி. 120-ஐத் தாண்டினால் வேகமாகக் கெடும். இப்படி உழைக்கும் கார் என்றால் தயங்காமல் பொருத்துங்கள். கடைக்கும் வீட்டுக்கும் மட்டும் போய்வரும் காருக்கு ரேடியேட்டருக்குள் இருக்கும் கூலரே போதும்.

அமெரிக்காவில் விற்ற 2005 முதல் 2010 வரையிலான நிசான் பாத்ஃபைண்டர் வேறு கதை. அதில் உட்கூலர் விரிசல் விட்டு, ரேடியேட்டர் கூலன்ட் கியர்பாக்ஸில் புகுந்து, எண்ணெய் ரோஜா நிறப் பால்போல் திரிந்துவிடும். அந்த வண்டியில் ரேடியேட்டரை மாற்றுங்கள், அல்லது உட்கூலரை அடியோடு தவிர்த்து வெளிக்கூலருக்கு மாறுங்கள். இந்தக் குறை இல்லாத வண்டிகளில் உட்கூலரைத் துண்டிக்காதீர்கள். குளிர்காலக் காலையில் எண்ணெயைச் சூடேற்றுவதும் அதுதான். புதியதை அதற்குப் பின்னால், எண்ணெய் கியர்பாக்ஸுக்குத் திரும்பும் குழாயில் இணையுங்கள்.