செயிண்ட் லூசியாவில் நான்கு இரவுகள்: வாசகர் கேள்வி-பதில்

டொரண்டோவிலிருந்து நானும் கணவரும் கரீபியன் தீவான செயிண்ட் லூசியாவுக்கு நான்கு இரவுகளுக்கு மட்டும் போகிறோம். வடக்கே ரோட்னி பேயில் தங்கலாமா, தெற்கே சூஃப்ரியரிலா?

சூஃப்ரியர். தயங்கவே வேண்டாம்.

பெரிய விமானங்கள் இறங்கும் ஹெவனோரா விமான நிலையம் தீவின் தென்கோடியில் இருக்கிறது. ரோட்னி பே வடகோடி. சின்னத் தீவுதானே என்று வரைபடத்தைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். மலையைச் சுற்றிச் சுற்றி ஏறி இறங்கும் சாலை அது. ஒன்றரை மணி நேரமாவது ஆகும். முதல் முறை நான் வடக்கில்தான் அறை எடுத்தேன். பித்தோன் மலைகளைப் பார்க்க ஒரு முழு நாள் போய்விட்டது, அதில் பாதி வண்டிக்குள்ளேயே கழிந்தது. சூஃப்ரியரில் காலையில் ஜன்னலைத் திறந்தாலே, கடலிலிருந்து நேராக எழுந்து நிற்கும் அந்த இரண்டு சிகரங்களும் எதிரே இருக்கும். 2004இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த இடம் அது. ஒன்றை மட்டும் தெரிந்துகொண்டு போங்கள்: எரிமலை மண் என்பதால் அந்தப் பக்கத்துக் கடற்கரை மணல் பெரும்பாலும் கருஞ்சாம்பல் நிறம்தான். பொன்னிற மணலில் நீண்ட தூரம் நடக்க வேண்டும், சிறு குழந்தைகளை அலையில் விட வேண்டும் என்றால் வடக்கே ரெடுயீ கடற்கரைதான் சரி.

அக்டோபரில் அறை வாடகை பாதியாக இருக்கிறதே, போகலாமா?

ஜூன் முதல் நவம்பர் முடியப் புயல் பருவம். அதில் ஆகஸ்ட், செப்டம்பர், அக்டோபர்தான் உச்சம். அக்டோபர் கடைசி வந்துவிட்டால் ஆபத்து தீர்ந்தது என்று பலர் நினைக்கிறார்கள். 2010இல் டோமாஸ் புயல் செயிண்ட் லூசியாவைத் தாக்கியது அக்டோபர் 30, 31 தேதிகளில். மண்சரிவில் சூஃப்ரியர் பகுதிச் சாலைகளே துண்டிக்கப்பட்டன. பணம் திரும்பக் கிடைக்கும் அறையும் பயணக் காப்பீடும் இருந்தால் போகலாம். காப்பீட்டை டிக்கெட் எடுத்த அன்றே வாங்கிவிடுங்கள். புயலுக்குப் பெயர் வைத்த பிறகு வாங்கினால் அந்தப் புயலுக்கு இழப்பீடு கிடைக்காது. தேதியை நீங்களே தேர்ந்தெடுக்கலாம் என்றால் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை வானம் வெளுத்திருக்கும்.

சாப்பாடு, பானம் எல்லாம் சேர்த்துப் பணம் கட்டியாகிவிட்டது. விடுதியை விட்டு வெளியே போவது வீண் செலவு என்கிறார் கணவர்.

அவரிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள்: நான்கு நாளில் ஒரு நாளாவது வெளியே வாருங்கள். விடுதிச் சுவருக்குள் இருக்கும் நீச்சல் குளம் எந்த நாட்டிலும் கிடைக்கும். இந்தத் தீவு வேறெங்கும் கிடைக்காது.

சூஃப்ரியர் ஊரிலிருந்து சில நிமிடத் தூரத்தில் கந்தக ஊற்றுகள். எரிமலை வாய்க்கு வெகு அருகே வரை வண்டி போகும். கிட்டப் போகும்போதே அழுகிய முட்டை வாடை வந்துவிடும். சாம்பல் நிறச் சேறு கொப்பளித்துக்கொண்டிருக்கும். மேலே வெண்ணிற ஆவி. அந்தப் பள்ளத்தில் யாரையும் இறங்க விடுவதில்லை. கீழே, வெந்நீர் ஓடி ஆறிவரும் குட்டைகளில் சேற்றைப் பூசிக்கொண்டு குளிக்கலாம். கொலுசு, வெள்ளி மோதிரம் எல்லாவற்றையும் அறையிலேயே கழற்றி வைத்துவிட்டுப் போங்கள். அங்குள்ள ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு பட்டால் வெள்ளி கறுத்துவிடும். நீச்சல் உடையும் பழையதாக இருக்கட்டும், சேற்றுக் கறை லேசில் போகாது.

மூட்டு நன்றாக இருந்தால் அந்த இரண்டு சிகரங்களில் ஒன்றான கிரோ பித்தோன் ஏறுங்கள். 700 மீட்டருக்கு மேல் உயரம். ஏறி இறங்க நான்கு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். அடிவாரத்து ஊரின் பெயர் ஃபோன் ஜான் லிப்ர். சுதந்திர மக்களின் பள்ளத்தாக்கு என்று பொருள். அடிமைத்தளையிலிருந்து தப்பி வந்தவர்கள் குடியேறிய ஊர். வழிகாட்டிகள் அந்த ஊர்க்காரர்கள்தான். நீங்கள் கொடுக்கும் கூலி அவர்கள் வீட்டுக்கே போகிறது. எனக்கு இது மிக முக்கியமாகப் படுகிறது. வெயில் ஏறும் முன் காலை ஏழு மணிக்கெல்லாம் கிளம்பிவிடுங்கள். சென்னைக்குச் சற்றே வடக்கில் இருக்கும் அட்சரேகை, வெயிலும் நாம் அறிந்த வெயில்தான்.

நாங்கள் சைவம். பட்டினி கிடக்க வேண்டியிருக்குமா?

அங்கே சந்தைக்குப் போனால் நம் சந்தை போலவே இருக்கும். அவர்கள் 'பச்சை அத்தி' என்பது நம் வாழைக்காய். 'கிறிஸ்டோஃபீன்' என்பது சௌசௌ. 'டஷீன்' சேப்பங்கிழங்கு வகை. அதன் இலையில்தான் 'கலலு' என்ற கீரைச் சூப் வைக்கிறார்கள். சீமைப்பலாவைத் தணலில் சுட்டுத் தருவார்கள், தவறவிடாதீர்கள். 1859 முதல் இந்தியாவிலிருந்து கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகள் இங்கே கொண்டுவரப்பட்டார்கள். மசாலாக் கறியை உள்ளே வைத்து மடித்த ரொட்டி இன்றும் கடைகளில் கிடைக்கிறது. ஒரே எச்சரிக்கை: கலலுவில் உப்புக்கண்டமோ நண்டோ சேர்ப்பது வழக்கம். "சைவமா" என்று மட்டும் கேட்காமல், இறைச்சியோ மீனோ போட்டுக் கொதிக்க வைத்ததா என்று கேளுங்கள்.

எந்தப் பணம் கொண்டுபோக வேண்டும்?

கிழக்குக் கரீபியன் டாலர். ஒரு அமெரிக்க டாலருக்கு 2.70 என்று நிலையான மதிப்பு. அமெரிக்க டாலரையும் வாங்கிக்கொள்வார்கள். டாக்சிக்காரர் "ஐம்பது டாலர்" என்றால் எந்த டாலர் என்று ஏறும் முன்பே கேட்டுவிடுங்கள்.

சென்னையிலிருந்து என் பெற்றோரையும் வரச் சொல்கிறேன். நியூயார்க் வழியாக டிக்கெட் மலிவு.

இந்தியப் பாஸ்போர்ட்டில் வருபவர்களுக்கு, அமெரிக்காவில் விமானம் மாறுவதற்கு மட்டும் என்றாலும் விசா வேண்டும். விசா இல்லாமல் அந்த டிக்கெட்டை எடுத்துவிடாதீர்கள்.

ஐந்து வயதுப் பையனோடு போகிறோம். கவனிக்க வேண்டியது ஏதாவது?

இரண்டு. பையனுடைய துணிகளில் ராணுவ உடை போலத் திட்டுத் திட்டாக நிறம் போட்ட கால்சட்டையோ தொப்பியோ இருந்தால் வீட்டிலேயே விட்டுவிடுங்கள். அங்கே பாதுகாப்புப் படையினர் தவிர வேறு யாரும் அதை உடுத்துவது சட்டப்படி குற்றம். குழந்தை என்றாலும் கழற்றச் சொல்வார்கள்.

அடுத்தது மான்சினீல் மரம். கடற்கரை ஓரத்தில் நிழல் விரித்து நிற்கும், சின்னப் பச்சை ஆப்பிள் போலக் காய்த்திருக்கும். காய் நஞ்சு, பால் பட்டால் தோல் கொப்பளித்துவிடும். பல இடங்களில் அடிமரத்தில் சிவப்புப் பட்டை அடித்து வைத்திருப்பார்கள், எல்லா மரத்திலும் இருக்காது. கீழே கிடக்கும் எந்தக் காயையும் தொடக் கூடாது என்று பையனுக்கு ஊரிலேயே சொல்லிக் கூட்டிப்போங்கள். மழை வந்தால் அந்த மரத்தடியில் மட்டும் ஒதுங்காதீர்கள். இலையிலிருந்து சொட்டும் தண்ணீரே உடம்பைப் புண்ணாக்கிவிடும்.