மீன் வாங்க எந்தப் பை? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: வீட்டில் அன்றாடம் மீன்தான். முன்பு கறுப்பு கேரி பேக்கில் போட்டுத் தந்தார்கள். இப்போது சில கடைகளில் பச்சைப் பை தருகிறார்கள், 'இது மக்கிவிடும்' என்கிறார்கள். நம்பி வாங்கலாமா? (வாசகி, தங்கச்சிமடம்)

பதில்: நிறத்தை வைத்து நம்பாதீர்கள், சகோதரி. உண்மையிலேயே மக்கும் பை என்றால் தயாரித்தவர் பெயர், மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கொடுத்த சான்றிதழ் எண், உரமாக மக்கும் என்ற வாசகம் மூன்றும் பையிலேயே அச்சாகியிருக்க வேண்டும். வெறும் பச்சை நிறமும் ஓர் இலைப் படமும் மட்டும் இருந்தால் அது சாதாரண பிளாஸ்டிக் என்றே வைத்துக்கொள்ளுங்கள். சாதாரண பிளாஸ்டிக் கேரி பேக்குக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை இருக்கிறது, தடிமன் எவ்வளவாக இருந்தாலும் சரி.

சான்றிதழ் உள்ள பையிலும் ஒரு விஷயம் இருக்கிறது. அது மக்குமா என்பதைச் சுமார் 58 டிகிரி சூடு உள்ள உரக் குவியலில் வைத்துத்தான் சோதிக்கிறார்கள். கடல் தண்ணீரில் அந்தச் சூடு கிடையாது. ஆனி, ஆடிக் காற்றில் வாசலில் கிடக்கும் பை எங்கே போய்ச் சேரும் என்று உங்கள் ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றித்தான் கடல்பசுவும் ஆமையும் மேய்கின்றன. மிதக்கும் பையைச் சொறி மீன் (ஜெல்லி மீன்) என்று நினைத்து ஆமை விழுங்கிவிடுகிறது. அதனால் மக்கும் பையோ மக்காத பையோ, மீனுக்குப் பையே வேண்டாம் என்பதுதான் என் கருத்து.

'துணிப் பை' என்று விற்பதிலும் ஏமாறாதீர்கள். தொட்டால் துணி போலவே இருக்கும், ஆனால் நெய்த இழை தெரியாது, புள்ளி புள்ளியாக அழுத்திய தடம்தான் தெரியும். ஓரத்தில் சின்னத் துண்டு வெட்டித் தீக்குச்சியைக் காட்டிப் பாருங்கள். பருத்தியாக இருந்தால் காகிதம் எரிந்த வாசனை வந்து சாம்பலாக உதிரும். மற்றது சுருங்கி உருகி, கெட்டியான மணியாகக் கட்டிப்போகும். அது பிளாஸ்டிக், அதுவும் 2019 தடைப் பட்டியலில் இருக்கிறது.

மீனுக்கு நல்லது, இறுக்கமான மூடி உள்ள எவர்சில்வர் தூக்குவாளி. பஸ்ஸில் வந்தாலும் தண்ணீர் சிந்தாது, வாடை வெளியே வராது. சூடை, நகரை மாதிரி மீன்களைக் கொஞ்சமாக வாங்கும் நாளில் பனை ஓலைப் பெட்டியே போதும். கழுவி வெயிலில் நன்றாகக் காயவைத்துவிட்டால் பூசணம் பிடிக்காது. பாத்திரம் கொண்டுபோனால் எடையில் அடிபடும் என்று சிலர் தயங்குகிறார்கள். காலிப் பாத்திரத்தை முதலில் தராசில் வைத்து, எண்ணைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். எலக்ட்ரானிக் தராசில் அதற்கென்றே 'டேர்' பட்டன் இருக்கிறது. தலைச்சுமையாக மீன் கொண்டுவரும் அம்மாக்களிடம் கூறு கணக்கில் வாங்கினால் அந்தப் பேச்சுக்கே இடமில்லை.

கேள்வி: ஷாம்பு பாட்டில் வாங்கினால் குப்பை குறையும் என்கிறார்கள். ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தால் சாஷே என்கிற சின்னப் பாக்கெட்தான் மலிவாக வருகிறது. எதை வாங்குவது? (வாசகர், மண்டபம்)

பதில்: உங்கள் கணக்கு பல நேரம் சரிதான். ஷாம்புவில் ஒரு மில்லிக்கு எவ்வளவு என்று வகுத்துப் பார்த்தால் சாஷே மலிவாக இருப்பது உண்டு. ஆனால் துணி சோப்புத் தூளில் பெரும்பாலும் பெரிய பாக்கெட்தான் லாபம். பெரிய பாக்கெட்டுகளில் இப்போது அதிகபட்ச விலைக்குப் பக்கத்திலேயே ஒரு கிராமுக்கு, கிலோவுக்கு அல்லது மில்லிக்கு என்ன விலை என்றும் போடுகிறார்கள். அதைப் பார்த்து ஒப்பிடுங்கள்.

பிளாஸ்டிக்கும் அலுமினியமும் அடுக்கடுக்காக ஒட்டியதுதான் சாஷே. பிரிக்க முடியாது என்பதால் பழைய சாமான் கடைக்காரர் தொடமாட்டார். பாட்டிலை எடைக்கு எடுத்துக்கொள்வார். அதனால் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தாலும் ஷாம்புவுக்குப் பாட்டில்தான் என்பேன். கைச்செலவு இடிக்கிறதென்றால் மில்லில் அரைத்த சீயக்காய்த் தூள் இருக்கிறது, டப்பா கொண்டுபோய் வாங்கலாம். ஒன்று மட்டும்: நம் பக்கத்து உப்புத் தண்ணீரில் நுரை குறைவாகத்தான் வரும். நுரை வரவில்லையே என்று கூடுதலாகக் கொட்டாதீர்கள். தலையில் எண்ணெய்ப் பிசுக்கு போனால் போதும்.

கேள்வி: வீட்டு விசேஷத்துக்குப் பேப்பர் தட்டும் பேப்பர் கப்பும் வாங்கலாம் என்று இருக்கிறோம். பேப்பர்தானே, பரவாயில்லையா? (வாசகி, கீழக்கரை)

பதில்: கடையில் ஒரு கப்பைக் கேட்டு வாங்கி, கிழித்து வெந்நீரில் ஊறப்போடுங்கள். மறுநாள் காகிதம் கூழாகிவிடும். உள்பக்கத்திலிருந்து மெல்லிய தோல் ஒன்று தனியாகக் கழன்று வந்தால் அது பிளாஸ்டிக் பூச்சு. பூச்சுப் போட்ட கப், தட்டு இரண்டும் இங்கே தடை செய்யப்பட்டவை. சாப்பாட்டு மேசையில் விரிக்கும் பிளாஸ்டிக் சுருளுக்கும் தடை உண்டு. நிறைய பேருக்கு இது தெரிவதில்லை, பந்திக்குப் பந்தி விரித்துச் சுருட்டி வீசுகிறார்கள்.

உங்கள் ஊரில் சஹன் என்கிற பெரிய பொதுத் தட்டு இருக்கும்போது பேப்பர் தட்டுக்கு ஏன் அலைய வேண்டும்? ஒரு சஹனைச் சுற்றி நாலு பேர் உட்கார்ந்து சாப்பிடுவதால் கழுவும் பாத்திரமும் குறைவு. பெரிய கூட்டம் என்றால் சஹன், டம்ளர் எல்லாவற்றையும் வாடகைக்கு எடுத்து, கழுவ ஆள் வையுங்கள். ஆள் கூலியையும் தட்டு, கப், விரிப்பு வாங்கும் செலவையும் எழுதிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். தனித்தனியாகத்தான் பரிமாற வேண்டும் என்றால் வாழை இலை, இல்லையென்றால் பாக்குமட்டைத் தட்டு.

கேள்வி: ராமநாதபுரத்தில் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் கேட்காமலே பைக்குப் பணம் சேர்த்துப் பில் போட்டுவிட்டார்கள். இது சரியா? (வாசகர், தேவிபட்டினம்)

பதில்: சரியில்லை. பைக்குக் காசு உண்டு என்பதை முன்கூட்டியே சொல்லாமல் கவுண்டரில் வைத்து வசூலிப்பது நியாயமற்ற வணிக நடைமுறை என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2020 டிசம்பரில் சொல்லிவிட்டது. பையைத் திருப்பிக் கொடுத்துப் பில்லைத் திருத்தச் சொல்லுங்கள். மறுத்தால் பில்லைப் பத்திரப்படுத்திக்கொண்டு 1915-க்குப் போன் செய்யுங்கள். அது தேசிய நுகர்வோர் உதவி எண்.

கேள்வி: மீன் செதில், குடல், செவுளைக் குப்பையில் போட்டால் நாற்றம் தாங்கவில்லை. புதைத்தால் நாய் தோண்டிவிடுகிறது. உரமாக்க ஏதாவது வாங்க வேண்டுமா? (வாசகி, தொண்டி)

பதில்: காசு கொடுத்து எதுவும் வாங்க வேண்டாம். தென்னை மூட்டிலிருந்து இரண்டடி தள்ளி முழங்கால் ஆழத்துக்குக் குழி வெட்டி, கழிவைப் போட்டு, சருகும் சாம்பலும் தூவி மண்ணை மூடுங்கள். மேலே சீமைக் கருவேல முள்ளை வைத்துக் கல்லை ஏற்றிவிட்டால் நாய் கிட்டே வராது. நம் மணல் தரையில் உரம் சீக்கிரம் கீழே இறங்கிவிடும், அதனால் அடுத்த குழியை மரத்தின் மறுபக்கம் வெட்டுங்கள்.

தொட்டிச் செடி வைத்திருந்தால் மீன் அமிலம் செய்யலாம். கழிவு எத்தனை கிலோவோ அதே அளவு வெல்லம். கருப்பட்டி விற்கிற விலைக்கு அது வேண்டாம், இளகிப்போன வெல்லமே போதும். இரண்டையும் கலந்து வாய் அகன்ற டப்பாவில் முக்கால் பாகம் மட்டும் நிரப்பி, மூடி நிழலில் வையுங்கள். உள்ளே காற்று சேரும், அவ்வப்போது திறந்து மூடுங்கள். மூன்று வாரத்துக்கு மேல் ஆனால் வாடை மாறிப் பழம் புளித்த வாசனை வரும். அப்புறம் வடிகட்டி, ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 முதல் 10 மில்லி வரை கலந்து ஊற்றுங்கள். அதற்கு மேல் வேண்டாம், இலை கருகிவிடும்.