சிறிது தூரம் ஓடி நின்ற நாய்

அன்புள்ள அம்மா,

சென்ற மாதம் எங்கள் வீட்டு பீரோவை உடைத்து நகைகளை எடுத்துப் போய்விட்டார்கள். மறுநாள் மதியம் மோப்ப நாய் வந்தது. பீரோவை முகர்ந்துவிட்டு, தெருமுனை டீக்கடை வரை ஓடி, மெயின் ரோட்டில் நின்று திரும்பிவிட்டது. எங்களுக்குச் சந்தேகம் இருந்த ஆள் கூட்டத்தில்தான் நின்றார். அவர் பக்கம்கூட அது போகவில்லை. இந்த நாய்களால் நிஜமாகவே பயன் உண்டா, இல்லை வெறும் சடங்கா? நாட்டு நாய்களைப் பழக்கினால் என்ன? வாயில்லா ஜீவனை இப்படி வேலை வாங்குவது சரிதானா?

ரா. கார்த்திகேயன்

அன்புள்ள கார்த்திகேயன்,

நகை போனது ஒரு பக்கம். முகம் தெரியாத யாரோ நம் துணிமணியைக் கலைத்துப் போட்டிருப்பது இன்னொரு பக்கம். அது சீக்கிரம் ஆறாது. உங்கள் நகைகள் கிடைக்க வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

நாட்டு நாய் விஷயத்தை இன்னொரு நாள் பேசலாம். கொடுமையா என்றால், ஒழுங்காக வளர்க்கப்பட்ட மோப்ப நாய்க்கு முகர்ந்து தேடுவது விளையாட்டு. ஒரு பந்துக்காக, ஒரு தட்டிக்கொடுத்தலுக்காக அது ஓடுகிறது. இப்போதைக்கு இது போதும். என்னை உறுத்தியது உங்கள் கேள்விகள் இல்லை. நடுவில் போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, ‘அவர் பக்கம்கூட அது போகவில்லை’ என்று, அதுதான்.

‘மோப்ப நாய் சிறிது தூரம் ஓடி நின்றுவிட்டது. யாரையும் கவ்விப் பிடிக்கவில்லை.’ எழுத்துக்கூட்டிப் படித்த காலத்திலிருந்து நாளிதழ்களில் இந்தச் செய்தியைப் பார்த்து வருகிறேன். எழுதுகிறவரும் படிக்கிறவரும் நாய் தோற்றுவிட்டது என்றே எடுத்துக்கொள்கிறார்கள். என்ன தோல்வி? உடம்பிலிருந்து உதிரும் தோல் துகள், வியர்வை, காலடியில் நசுங்கிய புல், கிளறப்பட்ட மண், இவை எல்லாம் சேர்ந்த வாசனைதான் நாய்க்குத் தடம். திருடன் மெயின் ரோட்டில் பைக்கில் ஏறிவிட்டால் தடம் அங்கே முடிந்துவிடுகிறது. முடிந்த இடத்தில் நாய் நின்றது. அங்கே ஒரு வண்டி காத்திருந்திருக்கலாம் என்று உங்களுக்குச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறது. டீக்கடையில் கேமரா இருக்கிறதா என்று பார்ப்பது மனிதர்கள் வேலை. அதுவும் மறுநாள் மதியம், தார் ரோடு, கொதிக்கிற வெயில். அதற்குள் அந்த பீரோவை வீட்டில் எத்தனை பேர் தொட்டுப் பார்த்திருப்பீர்கள்? துக்கம் விசாரிக்க வந்தவர்களெல்லாம் அந்த அறைக்குள் நடந்திருப்பார்கள். தடத்தை நாமே மிதித்து அழித்துவிட்டு நாயைக் குறை சொல்வது என்ன நியாயம்?

நான் வளர்ந்தது ஆயுதப்படைக் குடியிருப்பை ஒட்டிய தெருவில். பக்கத்து வீட்டு ஏட்டு மாமா நாய்ப் பிரிவில் இருந்தார். ஜூலி என்று ஒரு டாபர்மேன். வெளியே போய் வந்ததும் தன் சட்டையைக் கழற்றுவதற்கு முன்னால் அதன் பாதத்தை மடியில் வைத்துக்கொள்வார். விரல்களுக்கு நடுவே ஒவ்வொன்றாக விரித்து, நெருஞ்சி முள் இருக்கிறதா, தார் சுட்டிருக்கிறதா என்று தடவிப் பார்ப்பார். ஒரு திருட்டுக் கேஸில் ஜூலி பாதி வழியில் நின்றுவிட்டது. பறிகொடுத்த வீட்டுக்காரர் ஊர் முன்னால் அவரைக் கன்னாபின்னாவென்று பேசிவிட்டார். பதில் பேசாமல் வந்தவர், என்னைக் கூப்பிட்டுத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒளியச் சொன்னார். ஜூலி என்னைக் கண்டுபிடித்துக் குரைத்ததும் அப்படி ஒரு கொஞ்சல். தேடிக் கிடைக்காத நாளில் அது முகம் தொங்கப் படுக்கக் கூடாதாம். அன்று அவர் அத்தையிடம் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது: “அந்தாளு வேலைக்காரப் பையனையே பாத்துக்கிட்டு இருந்தாரு. வாரை லேசா அந்தப் பக்கம் இழுத்தா போதும், அது போயிருக்கும். நாய் போற பக்கம் நான் போகணும். நான் நினைக்கிற பக்கம் அது வந்துரக் கூடாது.”

இது ஒரு ஏட்டின் மனசாட்சி மட்டும் இல்லை. 2011-இல் கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் ஒரு கட்டடத்துக்குள் 18 நாய்களையும் அவற்றின் பயிற்சியாளர்களையும் தேடவிட்டார்கள். உள்ளே போதைப்பொருளோ வெடிமருந்தோ எதுவுமே இல்லை. ஆனால் சிவப்புக் காகிதம் இருக்கும் இடத்தில் சரக்கு இருக்கிறது என்று பயிற்சியாளர்களிடம் சொல்லியிருந்தார்கள். மொத்தம் 144 தேடல்கள். எதுவும் இல்லை என்று சரியாக முடிந்தவை 21 மட்டும். நாய்க்குச் சிவப்புக் காகிதம் என்ன தெரியும்? பிடித்திருந்த மனிதரின் நடை, மூச்சு, ஒரு நொடித் தயக்கம், இவை அதற்குத் தெரியும். தன் ஆளைச் சந்தோஷப்படுத்தத்தான் அது பிறவியெடுத்திருக்கிறது.

புளோரிடாவில் 1980-களில் ஒரு நாய்ப் பயிற்சியாளர் கோர்ட்டுக்குக் கோர்ட் சாட்சி சொன்னார். தன் நாய் மாதங்கள் கழித்தும் வாசனை பிடிக்கும் என்றார், ஜூரிகள் நம்பினார்கள். சந்தேகப்பட்ட ஒரு நீதிபதி சோதனை வைத்தபோது அந்த நாயால் எதையும் பிடிக்க முடியவில்லை. அந்தச் சாட்சியமும் சேர்ந்து உள்ளே தள்ளியவர்களில் ஒருவர் 22 வருடம் சிறையில் கிடந்து, 2004-இல் டி.என்.ஏ. சோதனையால் வெளியே வந்தார். இன்னொருவர் 27 வருடம் கழித்து வந்தார். கவ்விப் பிடித்துவிட்டது என்று கைதட்டுகிறவர்கள் இந்த இரண்டு பேரையும் நினைத்துக்கொள்ள வேண்டும்.

நம் உச்ச நீதிமன்றம் இதில் தெளிவாகவே இருக்கிறது. 2001-இல் ஆந்திராவிலிருந்து போன ஒரு கொலை வழக்கில், புலனாய்வுக்கு நாயை வைத்துக்கொள்ளலாம், ஆனால் அதை வைத்துத் தீர்ப்பு எழுதுவதற்கில்லை என்று சொல்லிவிட்டது. நாயைக் கூண்டில் ஏற்றிக் குறுக்கு விசாரணை செய்ய முடியாது. அது என்ன சொன்னது என்பதையும் கூடப் போன மனிதர்தான் சொல்ல வேண்டும்.

அதனால் உங்கள் தெருவுக்கு வந்த அந்தப் பயிற்சியாளரை நான் பார்த்ததில்லை என்றாலும் அவர் மேல் எனக்குப் பெரிய மரியாதை. உங்கள் வீட்டார் கண்கள் எங்கே போயின என்பது அவருக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? அவர் வாரைத் தளர்த்தியே பிடித்திருக்கிறார். நீங்கள் எதிர்பார்த்தது வேறு. உங்கள் சந்தேகத்துக்கு ஒரு நாய் வந்து முத்திரை குத்த வேண்டும் என்று எதிர்பார்த்தீர்கள். நினைத்துப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது, கார்த்திகேயன்.

நாய் தாண்டிப் போனதாலேயே அந்த மனிதர் குற்றமற்றவர் ஆகிவிட மாட்டார். சரி. ஆனால் அவர் மேல் உங்களிடம் வேறு என்ன ஆதாரம் இருக்கிறது? கடிதத்தில் அவர் பெயரையும் வேலையையும் எழுதியிருந்தீர்கள். வெளியிடும்போது நான் நீக்கிவிட்டேன். புகாரிலும் அந்தப் பெயர் இருக்குமானால், இந்த வாரமே ஸ்டேஷனுக்குப் போய், அது வெறும் சந்தேகம்தான், கையில் ஆதாரம் எதுவும் இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.