21 வயதில்தான் ட்ரோக்பா ஒப்பந்தம் போட்டார் என்கிறான் மகன்!

கேள்வி: என் மகனுக்கு 18 முடிந்துவிட்டது. கால்பந்து டிவிஷன் லீகில் சென்டர் ஃபார்வர்டாக (கோல் போடும் முன்வரிசை ஆட்டக்காரனாக) ஆடுகிறான். பி.காம். முதல் வருடம். பாதி நாள் கல்லூரிக்குப் போவதில்லை. ‘இனிமேல் எங்கே பெரிய ஆட்டக்காரன் ஆகப்போகிறாய்?’ என்று கேட்டால், ‘ட்ரோக்பா 21 வயதில்தான் முதல் ஒப்பந்தமே போட்டார்’ என்று வாயை அடைக்கிறான். அது உண்மையா? இதற்கிடையில் ஒருவர், ஐரோப்பாவில் டிரயல்ஸுக்கு (கிளப்புகளின் தேர்வு ஆட்டத்துக்கு) அழைத்துப் போகிறேன், மூன்று லட்சம் கட்டுங்கள் என்கிறார். என்ன செய்யட்டும்?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, வியாசர்பாடி.

பதில்: உண்மைதான் சகோதரி. ஆனால் உங்கள் மகன் தனக்குத் தோதான வரியை மட்டும் எடுத்துக்கொண்டான்.

கால்பந்து நட்சத்திரம் டிடியர் ட்ரோக்பா 1978இல், மேற்கு ஆப்பிரிக்காவில் ஐவரி கோஸ்ட்டின் அபிஜானில் பிறந்தவர். ஐந்து வயதில் பிரான்ஸிலிருந்த மாமா மிஷெல் கோபாவிடம் அனுப்பிவைத்தார்கள். அந்த மாமா தொழில்முறை ஆட்டக்காரர். வீட்டு ஏக்கம் தாங்காமல் ஊர் திரும்பிய பையன், சில வருடங்களில் மறுபடி பிரான்ஸுக்கே போனான். பாரிஸை ஒட்டிய லெவலுவாவில் இளையோர் அணி. அதன்பின் லெ மான் அணி. லெ மானுக்குப் போனபோது ஆட்டத்தோடு கல்லூரியில் கணக்கியலும் சேர்ந்துகொண்டது. பி.காம். மகனிடம் இதையும் சொல்லிப் பாருங்கள்!

1999இல், 21 வயதில், இரண்டாம் டிவிஷன் அணியான லெ மானில் முதல் ஒப்பந்தம். அது வெற்றியின் தொடக்கமாக இல்லை. முதல் சீசனில் 7 கோல். அடுத்த சீசனில் காயம், இடமும் போயிற்று, கோல் கணக்கு பூஜ்யம். பாதத்து எலும்பு முறிவு, கணுக்கால் என்று மாற்றி மாற்றிப் படுத்தியது. தினமும் பயிற்சி செய்து வாராவாரம் ஆட்டமும் ஆடும் நிலைக்கு அந்த உடம்பு வர நான்கு வருடம் பிடித்தது என்று அவருடைய லெ மான் கோச் மார்க் வெஸ்டர்லோப் பின்னாளில் சொன்னார்.

தாமதமாகத் தொடங்குகிறவர்களுக்கு இங்கேதான் அடி விழுகிறது. பெரிய கிளப் அகாடமியில் வளர்கிற பையனின் எலும்பும் தசைநாரும் 13, 14 வயதிலிருந்தே தினசரி சுமைக்குப் பழகிவிடுகின்றன. வாரத்தில் மூன்று நாள் ஆடியவனைத் திடீரென்று ஆறு நாள் ஆட வைத்தால், மூச்சும் தசையும் சில வாரங்களில் ஈடுகொடுத்துவிடும். எலும்புக்கும் தசைநாருக்கும் மாதக்கணக்கில் ஆகும். ‘நல்ல ஃபிட்னஸில்தானே இருந்தான்’ என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருக்கும்போதே பாதம் விரிசல் விடும். எனவே மகன் வாராந்தரப் பயிற்சி நாட்களைக் கூட்டுவதானால் மாதத்துக்கு ஒரு நாள் என்ற கணக்கில் கூட்டட்டும். பாதத்தின் மேற்பக்கத்தில் ஒரே இடத்தை விரலால் அழுத்தினால் வலிக்கிறது, மறுநாள் காலையிலும் அந்த வலி இருக்கிறது என்றால் ஆட்டத்தை நிறுத்திவிட்டு எலும்பு மருத்துவரிடம் போக வேண்டும். ஸ்பிரே அடித்துக்கொண்டு இறங்கினால் சில வாரங்களில் ஆறுவது மாதக்கணக்கில் இழுக்கும்.

மேலே ஏறியதும் படிப்படியாகத்தான். 2002 ஜனவரியில் சுமார் 80 ஆயிரம் பவுண்டுக்கு முதல் டிவிஷனின் சிறிய அணியான கேங்கானுக்குப் போனார். அந்த அரை சீசனில் 3 கோல்தான். திருப்பி அனுப்பிவிடலாமா என்றுகூட அங்கே யோசித்தார்கள். வைத்துக்கொண்டார்கள். அடுத்த சீசனில் 34 லீக் ஆட்டம், 17 கோல். அதற்கடுத்து பிரான்ஸின் பெரிய அணியான மார்செய், லீகில் 19 கோல், அணி ஐரோப்பிய கிளப்புகளுக்கான யூஎஃபா கோப்பை இறுதிப்போட்டி வரை போனது. 2004 ஜூலையில் இங்கிலாந்தின் செல்சி அணி அவருக்குக் கொடுத்த விலை 2 கோடியே 40 லட்சம் பவுண்டு. இரண்டரை வருடத்தில் 300 மடங்கு!

இதில் மகன் கவனிக்க வேண்டியது வயதை அல்ல, அந்த 34 என்ற எண்ணை. தொடர்ந்து களத்தில் விட்ட அணியில்தான் கோல் வந்தது. ஆகவே அவனுடைய கோச்சிடம் ‘பையனுக்கு எதிர்காலம் இருக்கிறதா?’ என்று கேட்காதீர்கள். யாரும் இல்லை என்று சொல்ல மாட்டார்கள். ‘போன சீசனில் மொத்தம் எத்தனை நிமிடம் ஆடினான்?’ என்று கேளுங்கள். பெரிய பெயருள்ள அணியின் பெஞ்சில் உட்காருவதைவிட, 90 நிமிடமும் விடுகிற கீழ் டிவிஷன் அணி மேல்.

ஆட்டத்திலும் ட்ரோக்பாவிடம் எடுத்துக்கொள்ள நிறைய உண்டு. கோலுக்கு முதுகு காட்டி நிற்கும்போது இடுப்பைத் தாழ்த்தி, பக்கவாட்டாக நின்று, முன்கையால் டிஃபென்டர் எங்கே இருக்கிறான் என்று தொட்டு உணர்வார். தள்ளினால் ஃபவுல், தொட்டுக்கொண்டிருந்தால் போதும். பந்தை மார்பில் வாங்கி, டிஃபென்டருக்குத் தூரமாக இருக்கும் காலில் இறக்குவார். நிமிர்ந்து நின்று வாங்குகிற பையன்கள் ஒரு இடியில் நிலைகுலைவார்கள். பின்னால் ஒருவனை நிறுத்தி, 25 மீட்டரிலிருந்து 20 பந்து, வாரம் மூன்று நாள் வாங்கிப் பழகட்டும்.

ஹெட்டருக்கு 2012 மே 19, மியூனிக். ஐரோப்பிய கிளப்புகளின் சாம்பியன்ஸ் லீக் இறுதிப்போட்டியில் 83ஆவது நிமிடம் எதிரணியான ஜெர்மனியின் பயர்ன் கோல் போட்டுவிட்டது. 88ஆவது நிமிடத்தில் செல்சிக்கு அன்றைய முதல் கார்னர். வலப்பக்கத்திலிருந்து சக ஆட்டக்காரர் மாட்டா அடித்தார். ட்ரோக்பா காத்து நிற்கவில்லை. டிஃபென்டரை முந்தி முன் போஸ்ட்டுக்குப் பாய்ந்து, கழுத்தைத் திருப்பி நெற்றியால் இடித்தார். பயர்ன் கோல்கீப்பர் நொயரின் கையில் பட்டும் பந்து நிற்கவில்லை. பந்து வருகிற வேகத்தோடு ஓடி வந்த வேகமும் சேர்ந்ததுதான் காரணம். நின்ற இடத்தில் எகிறினால் அந்த அடி வராது.

பெனால்டியும் சொல்ல வேண்டும். அதே வருடம் பிப்ரவரி 12, காபோன் நாட்டின் லிப்ரவில்லில் ஆப்பிரிக்கக் கோப்பை இறுதிப்போட்டி. 70ஆவது நிமிடத்தில் கிடைத்த பெனால்டியைப் பாருக்கு மேலே அடித்தார். பின்பு ஷூட்-அவுட்டில் (ஆட்டம் சமநிலையானால் இரு அணியும் மாறி மாறிப் பெனால்டி அடிப்பது) தன் முறையில் கோல் போட்டும், ஐவரி கோஸ்ட் 8-7 என்று ஜாம்பியாவிடம் தோற்றது. மூன்று மாதம் கழித்து அந்த மியூனிக் இறுதிப்போட்டியும் ஷூட்-அவுட்டுக்குப் போக, செல்சியின் கடைசி பெனால்டி இவருக்கே வந்தது. ஓரிரு அடி ஓட்டம்தான்; நொயர் ஒரு பக்கம் சாய, பந்து மறுபக்கம் தரையோடு போனது; கோப்பை செல்சிக்கு. நாட்டுக்காக 65 கோல் போட்டவருக்கு ஆப்பிரிக்கக் கோப்பை கடைசி வரை கிட்டவில்லை. அவர் விலகிய அடுத்த வருடம், 2015இல், அணி அதை வென்றது.

இனி அந்த மூன்று லட்சம். கொடுக்காதீர்கள். இதே வாக்குறுதியை நம்பி மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து கிளம்பி, ஐரோப்பிய நகரங்களில் நடுத்தெருவில் விடப்பட்ட பையன்கள் ஏராளம். பையனை உண்மையில் விரும்பும் கிளப் குடும்பத்திடம் பணம் கேட்காது. பின்னாளில் அவன் ஒப்பந்தத்தோடு வெளிநாட்டுக்கு விலைபோனால், 12 முதல் 23 வயது வரை பயிற்றுவித்த கிளப்புகளுக்கு அந்த விலையில் 5 சதவீதத்தை வாங்குகிற கிளப் பிரித்துத் தர வேண்டும் என்பது உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபாவின் விதி. 15 வயது வரை வருடத்துக்குக் கால் சதவீதம், 16 முதல் அரை. பணம் அந்தத் திசையில்தான் ஓடும்.

அதனால் மகன் ஆடிய கிளப்புகள் அகில இந்திய கால்பந்து கூட்டமைப்பின் சிஆர்எஸ் (ஆட்டக்காரர்களைப் பதியும் இணைய முறை) பதிவில் சரியாக இருக்கின்றனவா, பிறந்த தேதி பாஸ்போர்ட்டோடு பொருந்துகிறதா என்று இந்த மாதமே பாருங்கள். அந்த நபரிடம் இரண்டு கேளுங்கள்: ஃபிஃபா ஏஜென்ட் உரிம எண், கிளப்பின் அழைப்புக் கடிதம். உரிமம் பெற்றவர்களின் பெயரை ஃபிஃபா இணையதளத்தில் தேடலாம். கடிதத்தில் அச்சிட்ட எண்ணுக்கு அல்ல, கிளப்பின் சொந்த இணையதளத்தில் உள்ள எண்ணுக்குப் போன் போட்டு விசாரியுங்கள். ‘முதலில் அட்வான்ஸ், பிறகு கடிதம்’ என்றால் அத்தோடு பேச்சை முடித்துக்கொள்ளுங்கள்.