டீசலில் ஸ்பிரிட் கலந்து டிராக்டர் ஓட்டலாமா?

விழுப்புரம் மாவட்டத்துக் கரும்பு விவசாயி ஒருவர் கேட்டிருக்கிறார்: "பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலந்து விற்கிறார்கள். எங்கள் பக்கத்து ஊரில் ஒருவர் டீசலிலும் பத்துக்கு ஒன்று ஸ்பிரிட் கலந்து ஓட்டுகிறார், செலவு குறைகிறது என்கிறார். என்னிடம் 45 குதிரைத்திறன் டிராக்டரும், கிணற்றடியில் பழைய ஆயில் இன்ஜினும் இருக்கின்றன. நானும் கலக்கலாமா?"

வேண்டாம் ஐயா. இரண்டிலுமே வேண்டாம். ஸ்பிரிட் என்பதும் தண்ணீர் கலந்த எத்தனால்தான்.

பெட்ரோல் இன்ஜினில் எரிபொருளைப் பற்றவைக்க ஸ்பார்க் பிளக் இருக்கிறது. டீசல் இன்ஜினில் அது கிடையாது. பிஸ்டன் அழுத்தும் காற்றின் சூட்டிலேயே டீசல் தானாகப் பற்றிக்கொள்ள வேண்டும். அது எவ்வளவு சீக்கிரம் பற்றும் என்பதைச் சொல்லும் அளவுதான் சீட்டேன் எண். நம் பெட்ரோல் பங்கில் விற்கும் டீசலுக்கு அது குறைந்தது 51. எத்தனாலுக்குப் பத்தைத் தொடுவதே அபூர்வம். போதாக்குறைக்கு, எத்தனால் ஆவியாகும்போது டீசலைப் போல மூன்று மடங்கு வெப்பத்தை உறிஞ்சி, எரிபொருள் எரியும் அறையைக் குளிர வைத்துவிடும். பற்ற வேண்டிய நேரத்தில் பற்றாமல் தேங்கி, பிறகு மொத்தமாகக் குப்பென்று எரியும். காலையில் ஸ்டார்ட் ஆக மறுப்பதும், ஓடும்போது 'டக் டக்' என்று தட்டுவதும் இதனால்தான்.

ஒரு சோதனையை வீட்டிலேயே பார்க்கலாம். அடுப்பும் பீடியும் இல்லாத திறந்த இடத்தில், மூடியுள்ள ஒரு சின்னக் கண்ணாடிப் பாட்டிலில் டீசல் ஊற்றி, அந்தப் பக்கத்து ஊர்க்காரரின் ஸ்பிரிட்டில் கொஞ்சம் விட்டுக் குலுக்குங்கள். மோர் போல வெளுக்கும். சிறிது நேரம் வைத்தால் இரண்டு அடுக்காகப் பிரிந்து நிற்கும். சாதாரண ஸ்பிரிட்டில் ஐந்து சதவீதமாவது தண்ணீர் இருக்கும். அந்தத் தண்ணீர்தான் டீசலோடு சேரவிடாமல் தடுக்கிறது. தண்ணீர் நீக்கிய எத்தனால் நம் வெயிலில் கலக்கும், ஆனால் அது காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஐப்பசி மழையில் நாலு நாள் டேங்கில் கிடந்தால் அதுவும் பிரிய ஆரம்பித்துவிடும். பிரிந்த பிறகு பம்ப் ஒரு நேரம் டீசலை இழுக்கும், ஒரு நேரம் ஸ்பிரிட்டை இழுக்கும்.

பெரிய செலவு அந்த பம்பில்தான் வரும். இன்ஜினுக்குள் டீசலைப் பீய்ச்சும் ஊசி பம்புக்குத் தனி ஆயில் கிடையாது, உள்ளே ஓடும் டீசலே பிளஞ்சருக்கு, அதாவது டீசலை அழுத்தித் தள்ளும் தண்டுக்கு, மசகு. எத்தனாலுக்கு அந்தப் பிசுபிசுப்பு இல்லை. ஸ்பிரிட் ஓட்டிய ஒரு பம்பை நான் கழற்றிப் பார்த்திருக்கிறேன். கண்ணாடி மாதிரி பளபளக்க வேண்டிய பிளஞ்சரில் நகத்தில் தட்டுப்படும் அளவுக்குக் கீறல். ரப்பர் சீல் உப்பிப் போயிருந்தது. அதைச் சரிசெய்ய ஆன பணத்தில் பல நாள் டீசல் போட்டிருக்கலாம்.

சரி, மிச்சமாவது ஆகிறதா? ஒரு லிட்டர் எத்தனாலில் இருக்கும் சக்தி, ஒரு லிட்டர் டீசலில் இருப்பதில் 60 சதவீதம்கூட இல்லை. பத்து சதவீதம் கலந்தால் லிட்டருக்குச் சுமார் 4 சதவீதம் சக்தி போய்விடும். டீசல் 92 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், எத்தனால் 54 ரூபாய்க்குக் கீழே கிடைத்தால்தான் கணக்கு கட்டும். எண்ணெய் நிறுவனங்களே கரும்புச் சாற்று எத்தனாலை 65 ரூபாய் 61 காசு கொடுத்துதான் ஆலைகளிடம் வாங்கியிருக்கின்றன. அதைவிட மலிவாக ஒருவர் உங்களுக்குக் கொடுக்கிறார் என்றால், கேனில் இருப்பது எத்தனால்தானா என்பதையே நான் சந்தேகிப்பேன். மெத்தனால் என்ற விஷ ஆல்கஹாலாக இருக்கலாம். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60 பேருக்கு மேல் உயிரைக் குடித்தது அதுதான். வீட்டில் ஆட்கள் புழங்கும் இடத்தில் அதை வைக்கவே கூடாது. உரிமம் இல்லாமல் ஸ்பிரிட் வைத்திருப்பது சட்டப்படியும் குற்றம்.

எனக்கு அதைவிடப் பயம் தீ விஷயத்தில். டீசல் 35 டிகிரிக்குக் கீழே தீப்பற்றும் ஆவியை விடாது. எத்தனால் 13 டிகிரியிலேயே விடும். பெட்ரோல் டேங்கின் உள்ளே ஆவி மிக அடர்த்தியாக இருப்பதால் அங்கே எரியக் காற்று போதாது. எத்தனால் ஆவியோ சுமார் 13 முதல் 42 டிகிரி வரை, அதாவது நம் ஊரில் ஏறக்குறைய வருஷம் முழுக்க, டேங்குக்குள்ளேயே பற்றும் அளவில் நிற்கும். டீசலில் பத்து சதவீதம் கலந்தாலும் டேங்கின் மேல்பகுதி எத்தனால் டேங்க் மாதிரியேதான். டீசல்தானே என்று பீடியோடு மூடியைத் திறக்கும் பழக்கம் இருக்கிறதே, அதை நினைத்தால்தான் பதறுகிறது.

ஆல்கஹாலில் ஓடும் டீசல் வகை இன்ஜினே கிடையாதா என்றால், உண்டு. ஸ்வீடனின் ஸ்கேனியா நிறுவனம் 95 சதவீத எத்தனாலில் ஓடும் பஸ் செய்தது. 2014-ல் நாக்பூரிலும் ஒன்று ஓடியது. ஆனால் அதன் அழுத்த விகிதம், அதாவது பிஸ்டன் காற்றை எத்தனை மடங்கு சுருக்குகிறது என்ற அளவு, 28-க்கு 1. உங்கள் டிராக்டரில் அது 18-ஐ ஒட்டித்தான் இருக்கும். எரிபொருளிலும் பற்றவைக்க உதவும் மருந்து சேர்த்திருக்கிறார்கள். இன்ஜினையே அதற்கென்று செய்தார்கள். இங்கே டீசலில் எத்தனால் கலந்து பார்த்தது சரிப்படவில்லை என்று 2025-ல் மத்திய அமைச்சர் நிதின் கட்கரியே சொன்னார்; அதற்குப் பதிலாக ஐசோபியூட்டனால் என்ற வேறொரு ஆல்கஹாலை அப்போது சோதித்து வந்தார்கள். அது டீசலோடு பிரியாமல் நிற்கும். அப்படி ஒன்று பெட்ரோல் பங்குக்கு வந்தால், டிராக்டர் கம்பெனி அனுமதித்திருக்கிறதா என்று பார்த்துப் போடுங்கள்.

டீசல் செலவுதான் கவலை என்றால் ஏர் ஃபில்டரைச் சுத்தமாக வையுங்கள், டீசலைத் தெளிக்கும் நாசிலை டெஸ்ட் பண்ணுங்கள். டிப்பர் இழுப்பது போன்ற லேசான வேலைக்கு மேல் கியரில் போட்டு ஆக்சிலரேட்டரைக் குறையுங்கள்.

ஒருவேளை ஏற்கனவே கலந்து ஊற்றிவிட்டீர்கள் என்றால், இன்ஜினை ஸ்டார்ட் செய்யாதீர்கள். ஆறிய பிறகு, திறந்த வெளியில் டேங்கை முழுவதும் வடித்து, புது டீசல் ஊற்றி, டீசல் ஃபில்டர் இரண்டையும் மாற்றி, டீசல் குழாயில் புகுந்த காற்றை எடுத்துவிட்டு அப்புறம் ஓட்டுங்கள். வடித்ததை வேறு வண்டியில் ஊற்ற வேண்டாம்.