கடலூர், புதுச்சேரி பக்கம் கொடுவா பிடிக்க அமெரிக்க பாஸ் தூண்டில் சாமான்களும் லைவ் சோனாரும் வாங்கலாமா?

ஒலியை அனுப்பித் தண்ணீருக்கடியில் இருப்பதைத் திரையில் காட்டும் சோனார் இப்போது வேண்டாம். ராடு, ரீல் வாங்குங்கள். ஆனால் பாஸ் மீனுக்கென்று விற்பதை அப்படியே வாங்காதீர்கள்.

கையில் நாற்பதாயிரம் ரூபாய் இருக்கிறது, யூடியூபில் அமெரிக்கர்கள் திரையில் மீனைப் பார்த்துப் பார்த்துப் பிடிக்கிறார்கள், அதே சாமான்களோடு உப்பனாற்றிலும் சுண்ணாம்பாற்றிலும் கொடுவாவுக்குப் போகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கடலூர் முதுநகரில் வளர்ந்தவன், இந்தக் கழிமுகங்களில் பல வருஷமாகத் தூண்டில் போடுகிறவன் நான். கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். சம்பளக் காசைச் சேர்த்து வைத்துத் தேவையில்லாததை வாங்கிவிட்டு, ஆறு மாதத்தில் தூண்டிலையே விட்டுவிடுகிற பிள்ளைகளைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது.

முதலில் மீனைப் பற்றி. காணொளிகளில் வருவது லார்ஜ்மவுத் பாஸ், வட அமெரிக்காவின் நன்னீர் மீன். நம் கொடுவாவுக்கு ஆசிய சீபாஸ் என்றும் ஆஸ்திரேலியாவில் பாரமுண்டி என்றும் பெயர். இரண்டும் வேறு வேறு குடும்பம். கொடுவா உப்புத் தண்ணீரில் முட்டையிடும். குஞ்சுகள் கழிமுகம் ஏறி உவர்நீரிலும் ஆற்றிலும் வளரும். முட்டையிடும் பருவத்தில் திரும்பவும் முகத்துவாரத்துக்கு இறங்கும். ஆனால் வேட்டையாடும் விதம் இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். ஒரு மறைவில் நின்றுகொண்டு, பக்கத்தில் வரும் இரையை வாயை அகலத் திறந்து உறிஞ்சிவிடும். பாஸ்காரர்களின் உத்திகளில் பாதி நமக்குப் பயன்படுவது இதனால்தான்.

மீதிப் பாதி பயன்படாததற்குக் காரணம் தண்ணீர். அவர்கள் ஏரியில் தண்ணீர் நிற்கிறது. நம்முடையது நாளுக்கு இரண்டு முறை ஏறி, இரண்டு முறை வற்றுகிறது. நம் கரையில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் வித்தியாசம் ஒரு மீட்டருக்கும் குறைவுதான். ஆனால் அந்தக் கொஞ்சம் தண்ணீர்தான் மடவைக் குஞ்சையும் இறாலையும் முகத்துவாரம் வழியாக உள்ளே தள்ளுகிறது. வற்றும்போது அலையாத்தி வேர்களிலிருந்தும் சேற்று மேட்டிலிருந்தும் அவற்றை வழித்து வாய்க்காலுக்குக் கொண்டுவருகிறது. வாய்க்கால் ஆற்றில் சேரும் அந்த முனையில் கொடுவா காத்திருக்கும். தண்ணீர் ஓடாத நேரத்தில் அது அங்கேயே நின்றாலும் பெரும்பாலும் வாய் திறக்காது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஓட்டம் வேகமாக இருக்கும். அட்டமி, நவமியை ஒட்டி ஓதம், அதாவது இந்த ஏற்ற வற்றம், சோர்ந்துபோகும். தாழங்குடாவில் வலை தைத்துக்கொண்டிருக்கும் பெரியவர்களிடம் எந்த நேரத்துக்கு வரலாம் என்று கேட்டுப் பாருங்கள், மணி சொல்ல மாட்டார்கள். "வத்தம் புடிக்கட்டும், அப்பறம் வா தம்பி" என்பார்கள். அதைவிடத் துல்லியமான பதில் கிடையாது.

ஆகவே நீங்கள் கையில் எடுக்க வேண்டிய முதல் கருவி ஓத அட்டவணை. ஐதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் நிறுவனம் ஓத நேரக் கணிப்பை இலவசமாகவே தருகிறது. அது கடற்கரைக்கான நேரம். உள்ளே போகப் போக நேரம் தள்ளிப்போகும். துறைமுகத்தில் வற்றம் தொடங்கும் நேரத்துக்கும் நீங்கள் நிற்கும் இடத்தில் தொடங்கும் நேரத்துக்கும் எவ்வளவு இடைவெளி என்று ஒரு நோட்டில் எழுதிக்கொண்டே வாருங்கள். எந்தத் திரையும் அந்த நோட்டுக்கு ஈடாகாது என்று நிச்சயமாகச் சொல்வேன். ஐப்பசி, கார்த்திகை மழையில் கெடிலமும் தென்பெண்ணையும் செம்மண் நிறத்தில் ஓடும்போது செயற்கை இரை போட்டுப் பயனில்லை. வெள்ளம் வடிந்து தண்ணீர் தெளியத் தொடங்கும் நாட்களைத்தான் நான் எதிர்பார்த்திருப்பேன். கோடையில் மணல் ஒதுங்கி முகத்துவாரம் குறுகிவிட்டால், ஓட்டம் எந்தப் பக்கம் மிச்சம் இருக்கிறதோ அங்கே போங்கள்.

இனி சாமான். 7 அடி ராடு, மீடியம் ஹெவி என்கிற கொஞ்சம் விறைப்பான வகை, 10 முதல் 30 கிராம் வரை எடை வீசக்கூடியது. பாஸ்காரர்கள் வீசும்போது நூல் சுருளே சுழலும் பெய்ட்காஸ்டர் ரீலை விரும்புவார்கள். குறி தப்பாமல் வீச அது அருமையான கருவிதான். ஆனால் மதியத்துக்கு மேல் கடற்காற்று எழுந்துவிட்டால், எதிர்க்காற்றில் லேசான இரையை வீசும் புதியவர் கையில் அது நூலைச் சிக்காக்கிவிடும். வீசும்போது சுருள் சுழலாத ஸ்பின்னிங் ரீல், 3000 அல்லது 4000 அளவில் எடுங்கள். உப்புத் தண்ணீருக்கு ஏற்றது என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். நன்னீர் பாஸுக்குச் செய்த மலிவான ரீல்களில் பேரிங் சீக்கிரம் துருப்பிடித்துக் கரகரவென்று சத்தம் போடும். எந்த ரீலாக இருந்தாலும் வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் மெதுவாகக் கழுவித் துடைத்து நிழலில் காயவைக்க வேண்டும்.

நூலுக்கு 20 அல்லது 30 பவுண்டு பிரெய்டு, பல இழைகளைப் பின்னிய நூல். அதே பலமுள்ள தங்கூஸைவிட அது மிகவும் மெல்லியது, இழுபடாது, மீன் தொடுவது கைக்கு உடனே தெரியும். ஆனால் பாலத்துத் தூணில் ஒட்டியிருக்கும் சிப்பியில் ஒரு தடவை உரசினால் அறுந்துவிடும். அதனால் முனையில் ஒரு மீட்டர் நீளத்துக்கு 40 பவுண்டு லீடர், அதாவது தடித்த முன்நூல், கட்டாயம். கொடுவாவுக்கு நூலை வெட்டும் பல் இல்லை, வாய் உப்புத்தாள் மாதிரி சொரசொரப்பாக இருக்கும், அவ்வளவுதான். வெட்டுவது செவுள் மூடி. அதன் ஓரம் நூலையும் அறுக்கும், விரலையும் கிழிக்கும். பிரெய்டையும் லீடரையும் இணைக்க எஃப்ஜி முடிச்சு பழகுங்கள். வீட்டில் உட்கார்ந்து பழகிவிட்டு ஆற்றுக்குப் போங்கள். மீன் இழுக்கும்போது நூலை விட்டுக்கொடுக்கும் ரீலின் டிராக்கை 3, 4 கிலோவுக்கு வைத்தால் போதும்.

தூண்டிமுள்ளில் கவனம் வேண்டும். லார்ஜ்மவுத் பாஸில் உலக சாதனை 10 கிலோவை ஒட்டியது. 1932-ல் ஜார்ஜியாவில் ஜார்ஜ் பெரி பிடித்தது. 2009-ல் ஜப்பானின் பிவா ஏரியில் பிடிபட்ட மீன்தான் அதைச் சமன் செய்தது. கொடுவாவின் சாதனை 2010-ல் ஆஸ்திரேலியாவின் மொண்டூரன் ஏரியில் பிடிபட்டது, 44 கிலோவுக்கும் மேல். நமக்கு அந்த அளவு கிடைக்காது. ஆனாலும் பாஸ் இரைகளில் வரும் மெல்லிய மும்முனை முட்களை 5 கிலோ கொடுவாகூட நிமிர்த்திவிடும். கழற்றிவிட்டுத் தடித்த முட்களை மாட்டுங்கள்.

இரைகளை வாங்கிக் குவிக்க வேண்டாம். 4 அங்குல ரப்பர் மீன், வால் ஆடுகிற வகை, ஈயத் தலை வைத்த முள்ளான 10 கிராம் ஜிக் ஹெட்டோடு. நீருக்குள் நின்று மிதக்கும், சிறு மீன் வடிவ மின்னோ ஒன்று. அந்தி நேரத்துக்கு, நீரின் மேல்மட்டத்தில் தண்ணீரைத் தெறிக்கவிடும் ஒரு பாப்பர். வேர்களுக்கு நடுவே போட, முள்ளின் முனை ரப்பருக்குள் மறைந்திருக்கும் டெக்சாஸ் ரிக். இது முழுக்க முழுக்க பாஸ்காரர்களின் கண்டுபிடிப்பு, அலையாத்தி ஓரத்தில் இதற்கு நான் நன்றிக்கடன் பட்டிருக்கிறேன். ஓட்டத்துக்கு மேல்பக்கமாக, தூணையோ வேரையோ தாண்டி வீசுங்கள். தண்ணீரே இரையை மறைவிடத்துக்குக் கொண்டுபோகட்டும். இரண்டு இழுப்பு, ஒரு நிறுத்தம். அந்த நிறுத்தத்தில்தான் பெரும்பாலும் அடிக்கும். நிறுத்தம் நீளமாக இருக்கட்டும், நம் ஆட்கள் அவசரப்பட்டுச் சுற்றிவிடுகிறார்கள். இரவில் பால விளக்கின் வெளிச்சம் தண்ணீரில் விழும் இடத்தில் இருட்டும் ஒளியும் சேரும் கோட்டைப் பாருங்கள். கொடுவா இருட்டுப் பக்கத்தில், ஓட்டத்தைப் பார்த்தபடி நிற்கும். இரை வெளிச்சத்திலிருந்து இருட்டுக்குள் நுழைய வேண்டும். மாட்டியதும் மீன் துள்ளினால் ராடு முனையைத் தாழ்த்திக் கொஞ்சம் தளர்வு கொடுங்கள். இழுத்துப் பிடித்தால் முள் பிய்ந்துவிடும்.

இப்போது சோனார். இந்தத் தொழில்நுட்பத்தின் மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு, அதனால்தான் அது எங்கே வேலை செய்யும் என்பதைச் சரியாகப் புரிந்துகொள்ளச் சொல்கிறேன். ஒலி தண்ணீரில் விநாடிக்குச் சுமார் 1500 மீட்டர் போகும். கருவி ஒலியை அனுப்பி, எதிரொலி திரும்ப எடுக்கும் நேரத்தை வைத்துத் தூரத்தைக் கணக்கிடுகிறது. மீனின் வயிற்றுக்குள் இருக்கும் காற்றுப்பை ஒலியை நன்றாகத் திருப்பி அனுப்புவதால் மீன் திரையில் தெரிகிறது. ஒலி கூம்பாக விரிந்து இறங்கும். 20 டிகிரி கூம்பு 30 மீட்டர் ஆழத்தில் 10 மீட்டர் அகலத்தைக் காட்டும். அதே கூம்பு நம் உப்பனாற்றில் 2 மீட்டர் ஆழத்தில் முக்கால் மீட்டரைக்கூடக் காட்டாது. துறைமுகத்திலிருந்து ஆழ்கடலுக்குப் போகும் விசைப்படகுகளுக்கு, நேர் கீழே பார்க்கும் சோனாரான எக்கோ சவுண்டர் கண்ணாக இருப்பதும், கழிமுகத்தில் அதே கருவி படகுக்கு அடியில் ஒரு பாய் அகலத்தைக்கூடக் காட்ட முடியாமல் நிற்பதும் இந்தக் கணக்கால்தான். அதோடு, அந்த ஆழத்தில் படகுக்கு நேர் கீழே கொடுவா நிற்பதும் அரிது.

திரையில் வரும் வளைவுகளைப் பற்றி ஒரு விஷயம். நகரும் படகுக்குக் கீழே மீன் கூம்பின் ஓரத்தில் நுழையும்போது தூரம் அதிகம், நடுவில் குறைவு, வெளியேறும்போது மறுபடி அதிகம். அதனால் வில் போல வளைந்து தெரிகிறது. நங்கூரம் போட்டு நிற்கும்போது அதே மீன் நீளக் கோடாகத் தெரியும். நீளக் கோடு என்றால் நீள மீன் இல்லை; ரொம்ப நேரம் நின்ற மீன். குட்டி மீன் படங்களைக் காட்டும் வசதியை அணைத்துவிடுங்கள். குச்சியையும் காற்றுக் குமிழியையும்கூட அது மீன் என்று வரைந்துவிடும். அதைவிடப் பயனுள்ளது தரையின் கோடு. சேறு மங்கலாகத் தெரியும். சிப்பிப் படுகையும் கல்லும் பளிச்சென்று வரும், சில நேரம் கீழே இரண்டாவது எதிரொலியும் விழும். சேற்று ஆற்றில் ஒரு கெட்டித் தரை கிடைத்தால் அது பொக்கிஷம். பக்கவாட்டில் பார்க்கும் சைடு இமேஜிங் இந்த ஆழத்துக்கு மிகப் பொருத்தம். மூழ்கிய மரம், பழைய தூண், வாய்க்கால் விளிம்பு எல்லாம் நிழலோடு தெரியும்.

நீங்கள் ஆசைப்படும் லைவ் சோனார், 2018-ல் கார்மின் லைவ்ஸ்கோப் வந்த பிறகு பரவியது. லோரன்ஸ், ஹம்மின்பேர்ட் நிறுவனங்களும் அதே வகையில் கருவி விற்கின்றன. படகுக்கு முன்னால் மீன் திரும்புவதையும் உங்கள் இரை அதன் மூக்குக்கு முன்னால் விழுவதையும் அந்தந்த நொடியில் காட்டும். ஆழமான, திறந்த ஏரியில் சிறப்பாக வேலை செய்யும் கருவி அது. அதற்குத் தனித் திரை, பேட்டரி, படகு எல்லாம் வேண்டும். உங்கள் பணத்துக்குக் கிட்டவே வராது. மேலும் இன்ஜின் கிளப்பும் குமிழி, தூண்களிலிருந்து வரும் எதிரொலி எல்லாம் சேர்ந்தால் நம் ஆற்றில் திரை இரைச்சலாகிவிடும். அமெரிக்காவிலேயே இதைப் பற்றிப் பெரிய வாக்குவாதம் நடக்கிறது. தூண்டில் போட்டிகள் நடத்தும் மேஜர் லீக் ஃபிஷிங் அமைப்பு 2025-ல் தன் பாஸ் ப்ரோ டூர் போட்டிகளில், நாளின் மூன்று பகுதிகளில் ஒன்றில் மட்டுமே இதைப் பயன்படுத்தலாம் என்று கட்டுப்படுத்தியது.

அந்தக் கட்டுப்பாட்டை நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன், கொடுவாவை நினைத்து. கொடுவா முதலில் ஆணாக முதிர்ந்து, சில ஆண்டுகள் கழித்துப் பெண்ணாக மாறும். அதாவது நீங்கள் புகைப்படம் எடுக்க ஆசைப்படும் பெரிய மீன் ஏறக்குறைய எப்போதும் தாய் மீன். திரையில் பெரியதாகத் தேடித் தேடிப் பிடித்தால் முகத்துவாரத்துக்கு முட்டையிட வரும் தாய்களையே குறிவைக்கிறோம் என்று அர்த்தம். குழம்புக்கு நடுத்தர மீன் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். பெரியதைத் தண்ணீரிலேயே வைத்து முள்ளை எடுத்து, கையை நனைத்து வயிற்றைத் தாங்கி, நீந்தத் தொடங்கும்வரை பிடித்திருந்து விடுங்கள். தாடையில் தொங்கவிட்டுப் படம் எடுக்காதீர்கள். சாப்பிடக் கொடுவா வேண்டுமென்றால் பண்ணை மீன் இருக்கிறது. சென்னையில் உள்ள உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனமான சிபா 1997-லேயே பொரிப்பகத்தில் கொடுவாக் குஞ்சு உற்பத்தி செய்துவிட்டது.

இடம் பற்றியும் ஒரு வார்த்தை. ஊசுடு ஏரி பறவைகள் சரணாலயம், அங்கே தூண்டிலை எடுக்காதீர்கள். பிச்சாவரம் காப்புக்காடு; வனத்துறையிடம் கேட்காமல் உள்ளே போக வேண்டாம். ஆற்றில் வலை கட்டியிருக்கும் இடத்தில் வீசாதீர்கள், அது அவர்கள் பிழைப்பு.

நாற்பதாயிரத்தில் ராடு, ரீல், நூல், இரை எல்லாம் பதினைந்தாயிரத்துக்குள் தரமாகவே முடியும். மீதியில் கொஞ்சத்தை எடுத்து, ஆற்றை அறிந்த ஒரு மீனவரின் ஃபைபர் படகில் நாலைந்து முறை கூலி கொடுத்துப் போங்கள். அவர் எங்கே இன்ஜினை அணைக்கிறார் என்பதைக் கவனியுங்கள். ஒரு வருஷம் கழித்தும் சோனார் ஆசை இருந்தால், தூண்டில் நூலில் கட்டி வீசி, கைபேசியில் படம் பார்க்கும் பந்து வகைச் சோனார் ஒன்று வாங்குங்கள். கரையிலிருந்தே பயன்படும். அதை மீன் தேட வைத்துக்கொள்ளாதீர்கள். மீன் கடிக்காத அட்டமி, நவமி நாட்களில் எடுத்துப்போய், நீங்கள் வழக்கமாக நிற்கும் இடத்தைச் சுற்றி எங்கே பள்ளம், எங்கே கெட்டித் தரை என்று அளந்து அதே நோட்டில் வரைந்து வையுங்கள்.